லாரியோடு கொதித்த பானை

குமாசியில் கஞ்சி விற்கும் அப்ராஃபியின் பானை விறகில்லாமல் கொதிக்கத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அதே ஏழேகாலுக்கு, அவள் புருஷன் அன்டோபம் ஓட்டிய மரக்கூண்டு லாரி மாம்பொங் ஏற்றத்தில் ரேடியேட்டர் பொங்கி நின்றது. அப்போதே அது கிழட்டு லாரி. அதன்பின் லாரி கொதித்தபோதெல்லாம் பானையும் கொதித்தது. மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டார் பாதிரியாரை அழைத்துவந்தார்கள். நான்காம் வாரம் தங்கள் முட்டைகளைக் கொண்டுவந்து அதிலேயே அவித்துக்கொண்டார்கள். தளதளவென்று பொங்கினால் மாம்பொங் ஏற்றம், மெல்லக் குமிழிட்டால் எஜுரா மணல்பாதை, புஸ்ஸென்று சீறினால் குழாய் கிழிந்துவிட்டது என்று அப்ராஃபிக்குத் தெரியும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதும் தெரியும். பத்தொன்பது வருஷம் அவள் யாரையும் விசாரிக்கவில்லை.

பிறகு வறண்ட காற்று வீசிய ஒரு ஜனவரியில், பழைய டியூபைக் கீற்றாக அறுத்துச் சுற்றியிருந்த ரேடியேட்டர் குழாய்கள் மூன்றும் ஒரே வாரத்தில் பிய்ந்துபோயின. சுவாமே பகுதியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பெடியாக்கோ மூன்றையும் அறுத்தெறிந்து புதுசு மாட்டினான், கிளிப்புகளைத் தன் கையாலேயே முறுக்கினான். மேல் குழாயின் அடியில், இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்துவைக்கும் சின்னத் தட்டு ஒன்று உண்டு. அங்குள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வதுபோல அவனும் அதைப் பிடுங்கி போல்ட் டப்பாவில் போட்டான். "இந்த ஊரு வெயிலுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்!"

புதன்கிழமை லாரி எஜுராவுக்கு யாம் கிழங்கு ஏற்றக் கிளம்பியது. பானை ஜில்லிட்டுப்போனது. மூன்று கட்டு விறகு எரித்தும் தண்ணீர் ஓடைத் தண்ணீராகவே கிடந்தது. கஞ்சிக்கு வந்தவர்கள் வெறும் பயறு வடையைத் தின்றுவிட்டு முணுமுணுத்தபடி போனார்கள். போகட்டும், அவளுக்கு அதுவா கவலை? லாரி நிலையத்துக்கு நடந்தாள், திரும்பினாள், வாசல் வரை வந்துவிட்டு மறுபடி நடந்தாள். எஜுராவிலிருந்து வந்த டிரைவர் யாரும் அன்டோபமைப் பார்க்கவில்லை. நாலு நாள் அவள் உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"என்ன வேல பாத்து வச்சிருக்கே பெடியாக்கோ? எம் புருஷன் உசுரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம நாயா அலையறேன்!"

"அக்கா, குழாய் புதுசு, கிளிப்பு புதுசு. வண்டி இனி கொதிக்கவே கொதிக்காது. அதுக்கா திட்டு?"

"கொதிக்க வேணாம்யா. சூடாவாவது இருக்கணுமா வேணாமா? தொட்டுப் பாரு!"

தொட்டுப் பார்த்தான். பானையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் சூடேறவே இல்லை என்று புரிந்து, தன் வேலையை நினைத்துத்தான் வெட்கப்பட்டான். போல்ட் டப்பாவைத் தரையில் கவிழ்த்து அந்தத் தட்டைத் தேடி எடுத்தான். அன்று மாலை லாரி வந்துசேர்ந்தது, கிழங்கு கிடைக்கக் காத்திருந்ததாகவும் வண்டி இரண்டு மடங்கு பெட்ரோல் குடிப்பதாகவும் அன்டோபம் சொன்னார். அப்ராஃபி முதலில் அழுதாள், பிறகு ஊரே கேட்கத் திட்டினாள். மறுநாள் பெடியாக்கோ புதுக் குழாயைக் கழற்றித் தட்டைப் பொருத்தினான்.

அதிலிருந்து லாரி ஓடும் நேரமெல்லாம் பானை குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர்போல இருந்தது. கஞ்சி கொதிக்க அவளும் எல்லாரையும்போல விறகு வாங்கினாள். பானை ஆறினால் வண்டி எங்கோ நிற்கிறது என்று பொருள். அரைமணிக்கு மேல் ஆறிக்கிடந்தால் அவள் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கிவிடும். இப்படியே பதினோரு வருஷம் ஓடியது.

அன்டோபம் ஒரு பிற்பகல் காய்ச்சலில், வீட்டுக் கட்டிலில், அவள் கையைப் பிடித்தபடி செத்துப்போனார். லாரியை டெச்சிமான்காரன் ஒருவன் வாங்கிப்போனான். அடக்கம் முடிந்த மறுவாரமே பானை மறுபடி சூடானது. அப்ராஃபி ஒரு வாரம் அதைத் தொடாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை. பஸ் ஏறி டெச்சிமான் போய், புது டிரைவரின் மனைவி ஃபௌசியாவின் கையில் பானையைக் கொடுத்தாள்.

"இந்தா தாயி. கொதிச்சா பயப்படாத, ஏத்தத்துல நிப்பாரு. ஆறிப்போனா மட்டும் கவனி."

ஃபௌசியா பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இப்ப ஓட்டிட்டு இருக்காரு," என்றாள். பிறகு அதில் எத்தனை படி மாவு பிடிக்கும் என்று கேட்டாள்.