ஆர்.கே.புரத்துப் பெண்

கூட வந்த பிரபாவும் மற்ற தோழிகளும் விடிவதற்கு முன்பே தாஜ்மஹால் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். "அவ்வளவு நேரம் வேன்ல உட்கார என்னால ஆகாது. நான் பசார் சுத்தப் போறேன்" என்று சொல்லி இந்துஜா மட்டும் டெல்லியில் தங்கிவிட்டாள். மலேசியாவில், கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வெளிநாட்டில் தனியாக ஒரு முழு நாள் சுற்றுவது, அவளுடைய முப்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை.

காலையில் காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போனாள். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மித் தும்மிக் கண் சிவந்து, அம்மாவுக்கு ஏலக்காய் வாங்கினாள். கரோல் பாகில் ஹோட்டலுக்குத் திரும்பியதும், வரவேற்பில் இருந்த ஆள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டான். பாதிக்குப் பாதி சொத்தையாம். வெளிநாட்டுக்காரி என்று தெரிந்ததும் தலையில் கட்டிவிட்டார்களாம். "லோக்கல் என்று சொல்லுங்கள் மேடம்" என்று ஆங்கிலத்தில் புத்தி வேறு சொன்னான். ஏலக்காயைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உறுத்தியது.

அன்று திங்கட்கிழமை. கரோல் பாகில் பெரிய கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. சாத்திய ஷட்டர்களுக்கு முன்னால் தெருவையே அடைத்துக்கொண்டு கட்டில்களிலும் தார்ப்பாயிலும் துணிகள் குவிந்து கிடந்தன. ஸ்வெட்டர், காலுறை, குழந்தைகளின் குல்லாய், என்னென்னவோ. ஜனவரி வெயில் இதமாக இருந்தது. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே போனவள் ஒரு சால்வையைப் பார்த்து நின்றாள். கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் பச்சை இலை வேலைப்பாடு. "அம்மாடி, என்ன அழகு" என்று தன்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னாள்.

"அட, தமிழா கண்ணு நீ?"

கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தே விட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பெயர் ஆராயி, சேலம் பக்கம் ஆத்தூர், டெல்லிக்கு வந்து இருபது வருஷம் என்று கேட்காமலே சொன்னாள். "நீ எங்க இருக்கே?"

"ஆர்.கே.புரம்" என்றாள் இந்துஜா. ஊர்சுற்றிக் காட்டியவர் நேற்று மலை மந்திர் என்ற முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது காதில் விழுந்த பெயர் அது. "அப்பா சென்ட்ரல் கவர்மெண்ட்ல இருக்காரு."

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர்.

"அச்சா, கோட்டர்ஸ் வீடா!" ஆராயி டீக்காரனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னாள். சால்வைக்குப் பேரம் பேசவே வேண்டியிருக்கவில்லை. "நம்ம பொண்ணுகிட்ட நான் என்ன லாபம் பார்க்கறது? வாங்குன விலைக்கே எடுத்துக்க" என்று மடித்துக் கையில் கொடுத்தாள். இந்துஜாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஹோட்டல்காரனிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

டீயைக் குடித்துக்கொண்டே ஆராயி குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு, புசா ரோட்டுல நம்ம தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்க உனக்கு யாரையாச்சும் தெரியுமா? எம் பொண்ணு மாதுரிய அங்க சேர்க்கணும். எனக்கு வெலை சொல்ற அளவுக்குத்தான் இந்தி. இப்ப படிக்கிற எடத்துல டீச்சர் கூப்பிட்டு ஏதேதோ சொல்றாங்க, நான் தலையை ஆட்டிட்டு வந்துடறேன். எம் பொண்ணு நல்லாப் படிக்கறாளா, மக்காங்கறதுகூட எனக்குத் தெரியல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சால்வை மடியில் இருந்தது, டீ கையில் இருந்தது. "எங்க பெரியம்மா அங்கதான் டீச்சர். சொல்லிப் பார்க்கறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

ஆராயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போன் நம்பர் கேட்டாள். இந்துஜா மலேசிய நம்பரையா சொல்ல முடியும்? ஒன்பதில் தொடங்கிப் பத்து இலக்கம், மனதில் வந்ததைச் சொன்னாள். ஆராயி ஒவ்வோர் எண்ணாக அமுக்கி, இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள். இந்துஜா இரண்டு முறையும் படித்துக் காட்டினாள்.

இரண்டு தெரு தள்ளிப் போய் சோலே பட்டூரா வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிடாமல் பிரபாவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "அட விடு லா! நாளைக்கு நாம ஏர்போர்ட்ல இருப்போம். அந்தம்மா உன்னை எங்க தேடப் போறாங்க?" என்று சிரித்தாள் பிரபா. அதுதான் இந்துஜாவைக் கூச வைத்தது. தேட மாட்டாள், தேடவும் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இவள் அவ்வளவு பொய்யும் சொன்னாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பிப் போனபோது ஆராயியின் பக்கத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தலையை ஈரத்தோடு படிய வாரி இரட்டைப் பின்னல் போட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மார்க் ஷீட், ஆதார் அட்டை, ஒரு நோட்டு. பள்ளிவிட்டு வந்த மாதுரியை, வீட்டுக்குச் சொல்லியனுப்பி வரவழைத்திருக்கிறாள் ஆராயி.

"வந்துட்டியா கண்ணு! இப்பத்தான் உனக்குப் போன் போட்டேன். எவனோ எடுத்து இந்தியில திட்டறான். ஒரு நம்பரை நான்தான் தப்பா அமுக்கிட்டேன் போல. எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று தன் தலையில் தட்டிக்கொண்டாள் ஆராயி. பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "டீச்சர் வீட்டுப் பொண்ணு" என்று இந்தியில் பெருமையாகக் காட்டினாள்.

இந்துஜாவுக்குக் காது மடல் வரை சுட்டது. "அக்கா, நீங்க தப்பா அமுக்கல. நான்தான் பொய் நம்பர் சொன்னேன். நான் மலேசியா. ஆர்.கே.புரம் இல்ல. எனக்குப் பெரியம்மாவே கிடையாது. சால்வை விலை கூடச் சொல்லிடுவீங்கன்னு..." என்றாள்.

"க்யா ஹுவா, அம்மா?" என்று, என்ன ஆச்சென்று புரியாமல் மாதுரி கேட்டாள். "குச் நஹி, ஒண்ணுமில்ல" என்றாள் தாய்.

இந்துஜா சால்வையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "வித்த துணியத் திரும்ப எடுக்கறதில்ல மேடம்" என்றாள் ஆராயி. கண்ணு போய் மேடம் வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்கு நானும் வர்றேன். எனக்கு அங்க யாரையும் தெரியாது. ஆனா கேட்டுப் பார்க்கலாமே."

ஆராயி மகளைப் பார்த்தாள். "இங்கிலீஷ்ல ஃபாரம் குடுத்தா நெரப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாங்க." கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இந்துஜா நான்கடி பின்னாலேயே போனாள். வழியில் ஆராயி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பள்ளி வாசலில் இருந்த காவலாளி தமிழிலேயே பேசினார். அதைக் கேட்டதும் ஆராயியின் குரல் நிமிர்ந்தது. யாருடைய பெயரும் சொல்லாமல், வந்த விஷயத்தை அவளே நேராகச் சொன்னாள். ஆபீஸ் மூடும் நேரம், நாளைக் காலையில் பிள்ளையோடு பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கிளார்க்கிடமே பேசலாம் என்றார் அவர். என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, இந்துஜா மாதுரியின் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினாள். ஆராயிக்குப் படித்தும் காட்டினாள். இந்த முறை ஒரு தடவைதான் கேட்டாள் ஆராயி, பின் நோட்டை வாங்கி மகளிடம் கொடுத்து, "இது சரியா எழுதியிருக்கான்னு பாரு" என்றாள்.

மாதுரி விரலை வைத்துப் படித்துவிட்டுத் தலையாட்டும் வரை இந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நீங்களும் கூட வருவீங்களாம்மா? நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று காவலாளி இந்துஜாவைக் கேட்டார்.

அவள் வாயைத் திறக்கும் முன் ஆராயியே பதில் சொன்னாள்.

"ஒண்ணும் சொந்தமில்லீங்க. கடைக்குத் துணி வாங்க வந்தவங்க."