மலைக் காற்று ஆகாது

தங்கராஜுவுக்குத் துறைமுக அலுவலகத்தில் கிராணி வேலை, கணக்கு எழுதுகிற உத்தியோகம். கப்பலேறி நாகப்பட்டினம் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பியவனிடம் துரை கைகொடுத்துவிட்டு, ஹனிமூனுக்கு எங்கே போகிறாய் என்று கேட்டார். அவன் சிரித்து வைத்தான். துரை விடவில்லை. பெண்டாட்டியை வீட்டில் இறக்கிவிட்டு நேரே மேசைக்கு வருகிறவன் என்ன மனிதன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு கொடுத்தார்.

இதை அவன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னான். அதையும் வீட்டில் வைத்துச் சொல்ல முடியவில்லை.

சிராங்கூன் சாலையில் கீழே மளிகைக் கடை, மேலே வீடு. மாடியில் ஒரே நீள அறை, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் தங்கராஜுவும் தையல்நாயகியும். அந்தப் பக்கம் அவன் அப்பா கோவிந்தசாமி, அம்மா ரத்தினம்மா, தங்கை சரஸ்வதி. கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் தையல்நாயகி கணவனிடம் வாய்விட்டுப் பேசியதில்லை. காதருகே மூச்சாகத்தான் பேசினாள். அந்தப் பக்கம் மாமா புரண்டு படுத்தால் அதுவும் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூமலைக்குப் போனார்கள். துரைத்தனத்துப் பூந்தோட்டத்துக்கு இங்கே தமிழர்கள் வைத்த பெயர் அது. துணைக்குச் சரஸ்வதி வந்தாள். அவள் குரங்குகளுக்குக் கடலை போடப் போன நேரத்தில் தங்கராஜு துரை கேட்டதைச் சொன்னான். சொல்லும்போது புல்லைப் பார்த்தான். தையல்நாயகியும் புல்லைப் பார்த்தாள். சென்னையில் கல்லூரி விடுதியில் ஆங்கிலக் கதைகளில் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறாள். அது தன்னையும் பற்றியதாகும் என்று நினைத்ததில்லை.

எங்கேயாவது போய்ப் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பகலில் அலுவலகம், சாயங்காலம் கடை. போர்ட் டிக்சனில் கடலோரம் பங்களா வாடகைக்குக் கிடைக்கிறதாம்; சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லையாம். அதுதான் அதன் சிறப்பு என்றான். படுக்கத்தான் வீட்டிலேயே பாய் இருக்கிறதே என்றாள் அவள். இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து அவள் பார்த்தது கடையின் பின்கட்டும் தேக்கா மார்க்கெட்டும்தான். மலாக்காவில் பழைய கோட்டை வாசல் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கோட்டை வாசலை ஒரு நாள்ல பார்த்து முடிச்சுடலாம். மிச்ச நாளெல்லாம் உன்னையேதான் பார்த்துட்டு இருக்கணும்."

"பாருங்களேன்."

சொன்ன பிறகு அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பினாங்கு நினைவுக்கு வந்தது அவளுக்குத்தான். மலை உச்சிக்கு ரயில் விட்டு இரண்டு, மூன்று வருஷம்தான் ஆகிறது. இரண்டு வண்டி, ஒரே கம்பிக்கயிறு. இறங்குகிற வண்டியின் கனம் ஏறுகிற வண்டிக்கு உதவும். அவள் பௌதிகம் படித்து பி.ஏ. முடித்தவள். இரண்டு கைகளையும் வண்டிகளாக்கிக் காட்டினாள். அவனிடம் அவ்வளவு நீளமாக அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் வண்டிகளைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சியில் குளிருமாம், தங்கும் வீடுகள் உண்டாம். சரி, மேலே நான் தூங்குகிறேன், கீழே இறங்கினால் நீ ஊர் பார், உன் பின்னால் நானும் வருகிறேன் என்றான். அப்படி முடிவாயிற்று.

சரஸ்வதி திரும்பி வந்தாள். "கடலை தீர்ந்து போச்சு. உங்க பேச்சு தீர்ந்துச்சா அண்ணி?"

அன்று சாப்பிடும்போது தங்கராஜு அப்பாவிடம், லீவு கிடைத்திருக்கிறது, பினாங்குக்குப் போய்வரலாம் என்றிருக்கிறேன் என்றான். அங்கே என்ன என்றார் கோவிந்தசாமி. மகன் தட்டைப் பார்த்தான்.

"மலைக்கு," என்றான்.

ரத்தினம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கைகூப்பினாள். மலை என்றால் அவளுக்குத் தண்ணீர்மலை ஒன்றுதான். பினாங்கில் முருகன் நிற்கிற மலை. தங்கராஜு சிறு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அங்கே வெள்ளி வேல் சாத்துவதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். வேல் செய்து சாமி மாடத்திலேயே வைத்திருந்தாள். போகத்தான் வாய்க்கவில்லை.

"நானே மறந்து போனேன்," என்றாள். "எம்புள்ள மறக்கலை பாருங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோவிந்தசாமி கடையை அடைத்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னார். வழிக்குப் புளிச்சோறா, தயிர்ச்சோறா என்ற பேச்சு வந்தது. சரஸ்வதி அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தையல்நாயகி கணவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ரசம் கேட்டான்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் முறுக்கு மாவு வாசனை. பயணத்துக்கு ஆள் கூடிக்கொண்டே போயிற்று. பக்கத்துக் கடை லட்சுமியம்மாவும் வருவதாகச் சொல்லிவிட்டாள். தங்கராஜு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவான், அலுவலகம் போவான், எதையும் சொல்லமாட்டான். ரயிலில் வரிசையாக எல்லோரும் உட்கார்ந்திருப்பதும், தான் அத்தைக்குப் பக்கத்தில் தூக்குவாளியை மடியில் வைத்திருப்பதும் தையல்நாயகிக்குக் கண்ணில் தெரிந்தது.

ஒரு மத்தியானம் ரத்தினம்மா மாடி ஏறி வந்தாள். அவள் கனத்த உடம்புக்காரி. பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவாள். வந்து உட்கார்ந்தவள் கேட்டாள்.

"ஏம்மா தையலு, நீ படிச்சவ. மலை ரொம்ப ஒசரமா?"

தண்ணீர்மலை உயரமில்லை. அது தையல்நாயகிக்குத் தெரியும். இரண்டு மலைகளைப் பற்றியும் கணவனிடம் கேட்டு வைத்திருந்தாள்.

"ரொம்ப உயரம் அத்தை. மேலே போகப் போகக் காத்து மெலிஞ்சு போயிடும். நெஞ்சு பலவீனமா இருக்கறவங்களுக்கு ஆகாது."

"எனக்கு நெஞ்சு பலவீனமா?"

"படி ஏறினாலே மூச்சு வாங்குதே."

ரத்தினம்மா நெஞ்சில் கை வைத்தாள். நெடுநேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது பாடப் புத்தகத்தில் இருப்பது. ரயில் போகிற அந்தப் பெரிய மலையிலும்கூடப் பாரமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கும் என்று தையல்நாயகியால் மனத்திலேயே கணக்குப் போட முடியும். வயதான ஒருத்தியின் மூச்சை அது ஒன்றும் செய்யாது. அதைத் தெரிந்துகொண்டே சொன்னாள். ஒரு மலையின் உயரத்தை எடுத்து இன்னொரு மலைக்குக் கொடுத்தாள்.

பயணம் இருவருக்கானதாகிவிட்டது. ரத்தினம்மா வரவில்லை என்றதும் கோவிந்தசாமியும் வரவில்லை, சரஸ்வதியும் இல்லை, லட்சுமியம்மாவும் இல்லை. ரத்தினம்மா வெள்ளி வேலைச் சாமி மாடத்திலிருந்து எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி மருமகளிடம் கொடுத்தாள். நீ சாத்தினால் நான் சாத்தின மாதிரிதான் என்றாள். கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று லட்சுமியம்மாவிடம் அவள் சொன்னதும் மாடிச் சன்னல் வழியாகக் கேட்டது. படித்த பெண் வீட்டுக்கு வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, வைத்தியருக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரிகிறது.

அன்று சாயங்காலம் ரத்தினம்மா மாடிக்கு வரவில்லை. தையல்நாயகி கீழே போய்ப் பார்த்தபோது, வெங்காய மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்திருந்தாள்.

"இங்க ஏன் அத்தை?"

"மலை ஆகாதுன்னா மாடி மட்டும் ஆகுமா?" என்றாள் ரத்தினம்மா. "இனிமே கீழயே இருந்துக்கறேன். சாமி விளக்கை மட்டும் நீ ஏத்திடும்மா."

தையல்நாயகி வாயைத் திறந்தாள். ஒரு மாடிக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள். மாடி ஏறலாம், ஒன்றும் ஆகாது என்றாள். ரத்தினம்மா கேட்டுக்கொண்டாள். ஆனால் மருமகள் தன் மனசு நோகாமல் இருக்கத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று முடிவுகட்டி, அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மனைவி கீழே படுத்ததால் கோவிந்தசாமியும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மாவுக்குத் துணையென்று சரஸ்வதியும் போனாள்.

மாடி முழுவதும் அவர்கள் இருவருடையதாயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. தங்கராஜு திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவே ஹனிமூன்தான்," என்றான், சாதாரணக் குரலில். அந்த அறையில் அவன் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கீழே ரத்தினம்மா இருமுவது கேட்டது.

"அம்மாவுக்கு நிஜமாவே ஆகாதா?" என்றான்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் தலையசைத்தாள். அவன் பாயில் உட்கார்ந்தான். சற்றுப் பொறுத்து, போய்வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது சொன்னால் எதற்காக அப்படிச் சொன்னாய் என்பதையும் சொல்ல வேண்டிவரும் என்றான். அதற்குள் அவன் குரல் பழையபடி மூச்சாகிவிட்டது. பிறகு வந்த நாட்களிலும் இருவரும் அப்படியே பேசினார்கள், கேட்பதற்கு ஆளில்லாத அந்த அறையில். பினாங்கைப் பற்றிப் பேசவில்லை.

நாளைக்கு ரயில் என்ற அன்று காலையிலிருந்தே மழை. மத்தியானம் கால்வாய் பெருகிச் சாலைக்கு வந்தது. சாலையிலிருந்து அஞ்சடிக்கு ஏறி, அங்கிருந்து கடைக்குள் தவிட்டு நிறத்தில் நுழைந்தது. தங்கராஜு அலுவலகத்திலிருந்து வரவில்லை. கோவிந்தசாமியும் சரஸ்வதியும் அரிசி மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினார்கள். தையல்நாயகி பருப்பு டின்களை மாடிக்குத் தூக்கினாள். ஒரு தடவை இறங்கி வந்தபோது, ரத்தினம்மா கல்லா மேசைமேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பாய் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் மேசைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது.

கோவிந்தசாமி அவளை மாடிக்குப் போகச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். மழை விட்டால் தண்ணீர் வடிந்துவிடும், நெஞ்சு நின்றால் யார் பார்ப்பது என்றாள். அவர் திட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தையல்நாயகி முழங்கால் தண்ணீரில் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தை, உங்க நெஞ்சுல ஒண்ணுமில்லை. நான் சொன்னது பொய்."

"எதும்மா?"

"தண்ணீர்மலை சின்ன மலை. காத்து நல்லாத்தான் இருக்கும். நீங்க வர வேண்டாம்னுதான் அப்படிச் சொன்னேன்." கோவிந்தசாமி மூட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். அதற்குமேல் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். தரை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. "நாங்க ரெண்டு பேரும் தனியாப் போகணும்னு."

கோவிந்தசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே ஏற்றிவைத்த மூட்டையை மறுபடி நகர்த்தினார்.

ரத்தினம்மா மேசையிலிருந்து இறங்கினாள். தையல்நாயகி கைகொடுக்கப் போனாள்; அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தண்ணீரில் நடந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். வழக்கமாக நிற்கிற பாதிப் படியில் நின்றாள். தையல்நாயகி அவளுக்குக் கீழே இரண்டு படி தள்ளி நின்றாள்.

"தனியாப் போறோம்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றாள் ரத்தினம்மா, திரும்பாமல். மூச்சு வாங்கியது. பிறகு, "சொல்லியிருப்பேன்," என்றாள்.

மேலே போய்த் திரையை ஒதுக்கித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சேலையின் கீழ்ப்பக்கத்தைப் பிழிந்தாள். தையல்நாயகி துண்டு கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நாங்கள் போகவில்லை என்றாள்.

"போகாம இருந்தா அதுவும் எந்தலையிலதான் விழும். மாமியாக்காரி தடுத்துட்டான்னு தேக்கா முழுக்கச் சொல்லுவாங்க. போய்ட்டு வாங்க." கையை நீட்டினாள். "அந்த வேலைக் குடு."

தையல்நாயகி பெட்டியைத் திறந்து மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ரத்தினம்மா பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி, மடியில் செருகிக்கொண்டாள்.

"இது என் நேர்த்தி. நான் போறப்ப நான் சாத்திக்கறேன்."

சரி என்று தலையசைத்தாள் தையல்நாயகி. போகவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை.

"இப்படித் தனியாப் போறதுக்கு ஏதாச்சும் பேரு இருக்கா?" என்றாள் ரத்தினம்மா. "இல்லே சும்மாத்தானா?"

"ஹனிமூன்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

அவளுக்கு அர்த்தம் தெரியும். மாமியார் முன்னால் வாய் வரவில்லை. கீழேயிருந்து சரஸ்வதியின் குரல் படிவழியாக வந்தது.

"தேனு, நிலா. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதும்மா."

ரத்தினம்மா துண்டை எடுத்துக் காலைத் துடைத்தாள். ஒரு காலை முடித்து, மறு காலையும் துடைத்தாள்.

"பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

தையல்நாயகி கீழே இறங்கினாள். தண்ணீரில் கிடந்த அத்தையின் பாயைத் தூக்கினாள். நனைந்து கனத்திருந்தது. சரஸ்வதி மறுமுனையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றுவிட்டுத் தனியாகவே படியில் இழுத்துக்கொண்டு ஏறினாள்.