எனக்கொரு நாய் இருக்கிறது

நாய் முன்னால் இழுக்க, வார் மணிக்கட்டில் இறுகிச் சிவக்க, பவளராணி வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடக்கிறாள், ஜு ப்ரொமென் லு ஷியான், நான் நாயை நடக்கக் கூட்டிப்போகிறேன், இல் ந மோர் பா, இது கடிக்காது, பாரிசுக்கு வந்து ஆறு மாதத்தில் கிடைத்த முதல் வேலை, முழங்கால் ஏலாத மதாம் பெர்த்தியே பூங்கா வாங்கிலில் உட்கார்ந்திருக்க, அவளுடைய ஒஸ்காரை இவள் சுற்றிக் கூட்டிவர வேண்டும், தமையன் மனைவி சறோ மச்சாள்தான் வெங்காயம் வெட்டியபடி வசனங்களைப் பாடமாக்கினாள், கட்டியிருக்குதெண்டா அத்தாஷே, அவிட்டு விடுறதெண்டா தெத்தாஷே, எங்க, சொல்லு பாப்பம், முதலாவதைச் சொன்னாள், இரண்டாவது வாயில் வரவில்லை, ஏனடி முகம் ஒருமாதிரிப் போகுது என்று மச்சாள் கேட்க, வெங்காயம் என்றாள்.

யுத்தத்தின் கடைசி வருடம், விசுவமடுவில் தங்கள் நாய் செம்பனை மாமரத்தில் கட்டியவள் அவள்தான், சாமான் ஏற்றும்போது உழவு இயந்திரத்தின் சில்லுக்குள் அகப்பட்டுவிடும் என்று கட்டினாள், ஏறும்போது தூக்கிக்கொள்ள நினைத்திருந்தாள், அடுத்த வளவில் ஷெல் விழுந்தது, எல்லோரும் பாய்ந்து ஏறினார்கள், உடையார்கட்டுக்கு வந்த பிறகுதான் மடி வெறுமையாக இருப்பது தெரிந்தது, இரண்டு நாள் அவள் சோறு தொடவில்லை, இஞ்சேருங்கோ, அது கட்டினபடி கிடக்குது, தண்ணியும் வைக்கேல்லை என்றாள், அங்கால ஒருத்தரும் போகேலாதெண்டு சொல்லுகினம் பவளம் என்றான் கணவன் குணசீலன், எங்கட பிள்ளையெண்டா விட்டிட்டு இருப்பியளோ என்று கேட்டாள், அதைக் கேட்டதும் அவள்தான், பிள்ளையில்லாத அவன் சைக்கிளை எடுத்தான், அவிட்டு விட்டிட்டு உடன வாறன், நீ சாப்பிடு என்றான், அவள் சாப்பிட்டாள், பின்னேரம் அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் மதகடியில் அவன் கிடப்பதாகச் சொன்னார்கள், சைக்கிள் எந்தப் பக்கம் பார்த்தபடி கிடந்தது, போகிற பக்கமா, வருகிற பக்கமா என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாள், ஒருவருக்கும் தெரியவில்லை, புருசன் செத்ததுக்கு இவள் சைக்கிளைக் கேக்கிறாள் என்று விலகிப்போனார்கள்.

புல்வெளியைக் கண்ட ஒஸ்கார் முனகுகிறது, தெத்தாஷே லு என்கிறாள் மதாம், பவளராணி குந்தியிருந்து கொளுக்கியில் விரலை வைக்கிறாள், விரல் அசையவில்லை, மதாம் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறாள், உங்களிடமும் நாய் இருந்ததா என்று மெதுவாகக் கேட்கிறாள், இருந்தது என்று சொல்லத்தான் பார்க்கிறாள், போன காலத்தைச் சொல்லும் வகையை மச்சாள் இன்னும் சொல்லித்தரவில்லை, ஜே அன் ஷியான், எனக்கொரு நாய் இருக்கிறது, இல் ஏ அத்தாஷே, அது கட்டியிருக்கிறது, மோன் மரி, என் கணவர், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை, மதாமுக்கு விளங்கிவிடுகிறது, கணவர் வீட்டில் நாயோடு இருக்கிறார், அவளுடைய முகம் மலர்கிறது, பவளராணியின் தோளில் தட்டுகிறாள், அப்படியானால் நாளைக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்கிறாள், வ்வி மதாம், சரி மதாம் என்கிறாள் பவளராணி.