டோக்கன் நம்பர் 211

வேம்புலியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான் தேவராஜ். கேன்டீனிலிருந்து ஆபீஸ் கவுன்டர் நூறடி. மணி மூன்று ஐம்பது. நான்கு மணிச் சங்கு ஊதினால் கவுன்டர் மூடிவிடும். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

“உட்றா! காலர் கீஞ்சிரும்!”

“கீயட்டும். கையெய்த்து போட்டுட்டு வேற வாங்கிக்கோ.”

தேவராஜுக்கு அந்தக் கையெழுத்து சோறு தண்ணீரைவிட முக்கியம். எழுபத்தேழில், சென்னை பாடியில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்த அன்று வரிசையில் முன்னால் நின்றவன் அவன்தான். பீடி பற்றவைக்க ஒரு நிமிஷம் ஒதுங்கினான். அந்த இடைவெளியில் வேம்புலி புகுந்துவிட்டான். அவனுக்கு டோக்கன் 211, இவனுக்கு 212. இங்கே எல்லாமே டோக்கன் வரிசைதான். லீவோ, ஷிப்டோ, பதவியோ, பதினேழு வருஷமாக முதலில் வேம்புலி, அப்புறம்தான் தேவராஜ்.

இப்போது சூப்பர்வைசர் நாற்காலி ஒன்று காலி. வேம்புலி தொலைந்தால் அது தேவராஜுக்கு. பருத்திப்பட்டில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் மாட்ட, ‘தேவராஜ், சூப்பர்வைசர்’ என்று பெயர்ப்பலகைகூட எழுதி வாங்கிவிட்டான்.

சனிக்கிழமைகளில் கம்பெனி நடத்திய மனோதத்துவ வகுப்பில் கற்றதையெல்லாம் ஒரு மாதமாக வேம்புலியின் மேல்தான் ஏவிக்கொண்டிருந்தான்.

“வாத்தியாரு இன்னா சொன்னாரு? ஓடிப் பூட்ட வருசத்தையெல்லாம் எண்ணாதே. இன்னிக்கித்தான் புச்சா கம்பெனி கேட்டாண்ட வந்து நிக்கிறேன்னு நெனச்சுக்கோ. இந்த வேலைல சேருவியா?”

“மாட்டேன்.”

“அப்பறம் இன்னாத்துக்குடா பல்லி மாதிரி ஒட்டிக்கினு கீறே?”

“அதே வாத்தியாரு இன்னொண்ணும் சொன்னாரு. புத்தி சொல்றவனுக்கு அதுல இன்னா லாபம்னு பாருன்னாரு.”

தேவராஜின் முகம் சுண்டியது. “த்தூ! பயந்தாங்கொள்ளி!”

கவுன்டரில் குமாஸ்தா பரந்தாமன் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். “ரெண்டு பேருமா?”

“இவன் மட்டுந்தான். எனக்கு இன்னா தலையெய்த்தா?”

வேம்புலி விருப்ப ஓய்வுப் பாரத்தை வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தான். மூன்று ஐம்பத்தாறு. தேவராஜ் பல்லைக் கடித்தான்.

“படிச்சுக் கிழிச்சது போதும். போட்றா!”

“நீ எதையும் படிக்காமத்தான் போடுவியா?”

“ஆமா. நேத்து சூப்பர்வைசருக்குச் சம்மதக் கடுதாசின்னு எனக்கும் ஒண்ணு நீட்னாங்கோ, நீ பூட்டா நான்தானே. ஒரே இழுப்பு. ஆம்பளன்னா அப்டித்தான்.”

வேம்புலி அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனான். மூன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. தேவராஜுக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் பேனா அசைந்தது. பரந்தாமன் முத்திரையைக் குத்தவும் சங்கு அலறவும் சரியாக இருந்தது.

“ஒயிஞ்சியா!” என்று தேவராஜ் கூவினான். “இனிமே எவன்டா எனக்கு முன்னால?”

“தேவராஜ், நில்லு,” என்றார் பரந்தாமன். “உன் ஆர்டர் ரெடி. சங்கு ஊதுன பிறகுதான் குடுக்கணும்னு உத்தரவு.”

தேவராஜ் கவரைக் கிழித்தான். சூப்பர்வைசர்! நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியில் கண் போனது. பணியிடம்: ஓசூர் கிளை. திங்கட்கிழமை காலை ஆஜராக வேண்டும். தவறினால் வேலை இல்லை.

“ஓசூரா? எவன் சொன்னான் ஓசூருன்னு?”

“நீ கையெழுத்துப் போட்ட கடிதத்துலயே இருக்கேப்பா, மூணாவது வரி.”

“அண்ணே, எனக்கும் ஒரு ஓய்வுப் பாரம்…” என்று தேவராஜ் கவுன்டருக்குள் கையை நீட்டினான்.

ஷட்டர் தடாலென்று விழுந்தது. தேவராஜ் அதை இரண்டு கையாலும் குத்தினான். உள்ளே பூட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

வேம்புலி காலரை நிதானமாக நீவிவிட்டுக்கொண்டான். “நான் பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேற வேல பேசி ஒரு வாரமாச்சு, மாமே. அந்த ஓசூர் கடுதாசி உனக்கு முன்னாலயே என் கைக்குத்தான் வந்துச்சு. படிச்சேன். வேணாம்னு எய்திக் குடுத்துட்டேன். அப்பால உன்னாண்ட வந்துச்சு. டோக்கன் வரிசையாச்சே!”