முப்பது நாள் இலவசம்

2003 ஜூலை இரண்டாம் தேதி, புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, போடி பஜாரில் செல்வமணியின் ஏலக்காய்க் கடைக்குள் தேதி ஜூன் இரண்டு ஆனது. வாசலுக்கு வெளியே ஜூலை இரண்டாகவே இருந்தது. கிழித்துப் போட்ட காலண்டர் தாள்கள் முப்பதும் அட்டைக்குத் திரும்பின. ஜூன் இரண்டன்று ஓட்டின் மேல் விழுந்த சாரல் மறுபடி விழுந்தது. பக்கத்துக் கடையின் ஓடு காய்ந்து கிடந்தது. சாக்கில் வெளுக்கத் தொடங்கியிருந்த காய் பச்சைக்கு மாறியது.

காரணம் கலீல் ரஹ்மான். உத்தமபாளையத்துக்காரன், போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஏலக்காயைத் தரவாரியாக எடை போட்டுச் சீட்டு அடிக்க ஒரு சாப்ட்வேர் எழுதி நாற்பத்தாறு கடைகளில் ஏற்றியிருந்தான். முப்பது நாள் இலவசம். முப்பத்தோராம் நாள் காலையில் நின்றுவிடும். நாலாயிரம் ரூபாய் கொடுத்தால் அவனே வந்து ஓர் எண்ணை அடிப்பான். பிறகு எப்போதும் ஓடும். செல்வமணியின் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்துத் தேதி தப்பாகக் காட்டியபோது, மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டுத் தட்டித் தேதியை மாற்றச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். முப்பது நாள் முடிந்ததும் செல்வமணி தட்டினார். ஆடி முடிவதற்குள் பஜாரே தட்டியது. வெயிலில் குடை பிடித்துக் கடைக்குள் நுழைய, காய் கொண்டுவரும் ஏலத்தோட்டக்காரர்கள் பழகிக்கொண்டார்கள்.

காசு கொடுத்தவை இரண்டு கடைகள். அதில் ஒன்று கலீலின் மனைவி ரிஸ்வானாவின் மாமா கடை. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ரிஸ்வானாவின் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து விசா அனுப்பியிருந்தான். கலீலுக்குப் போக மனமில்லை. மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

"ஓசின்னா பினாயிலையும் குடிக்கிற ஊரு மச்சான் இது," என்றாள் ரிஸ்வானா. "ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள பத்துக் கடை காசு குடுத்தா இங்கனயே இருப்போம். இல்லாட்டி எங்கண்ணே சொல்றதக் கேளுங்க."

கலீல் விலையை இரண்டாயிரமாகக் குறைத்தான். யாரும் வரவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டான். சிவப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். புரட்டாசியில் கடைக்காரர் அப்துல் அஜீஸ் தானாக வந்தார். அவர் மகன் சவுதியிலிருந்து ஊர் வந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டில் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனால், கடைப் போனில் அதே மகன் சவுதியிலிருந்து பேசி, ஆகஸ்டில் வருகிறேன் அத்தா என்றான். "ஒரு மகனுக்கே நான் பத்தல தம்பி," என்று அஜீஸ் பணத்தை எண்ணி வைத்தார். கலீல் எண்ணை அடித்தான். விட்டுப்போன நாட்கள் ஒரே மூச்சில் கடைக்குள் வந்து சேர்ந்தன. காலண்டர் தாள்கள் உதிர்ந்தன, காய் வெளுத்தது, போன் ஓய்ந்தது.

அதன் பிறகு கலீல் சாப்ட்வேரைப் பற்றிப் பேசுவதை விட்டான். விலையையும் பழையபடி நாலாயிரமாக்கினான். கடை கடையாகப் போய், அடுத்து என்ன விசேஷம் என்று மட்டும் கேட்டான். ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்த வினோத்ராஜ் கொடுத்தான். பேரன் பிறக்கக் காத்திருந்தவர் கொடுத்தார். எதற்கும் காத்திராதவர்கள் ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்து, கம்ப்யூட்டரை விற்றுவிட்டுக் கார்பன் தாளுக்குத் திரும்பினார்கள். அவர்கள் கடைகளில் மறுநாளே தேதி சரியாகிவிட்டது. தை பிறந்தபோது காசு கொடுத்தவை ஒன்பது. இலவசமாக ஓட்டியது செல்வமணி ஒருவர்தான்.

பெருநாளுக்கு ஐந்து நாள் முன்பு, ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, கலீல் புது சிடியோடு போனான். தேதியைத் திருப்பினால் ஒத்துக்கொள்ளாதபடி எழுதியிருந்தான். செல்வமணி அவனை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே அவர் மனைவி சுகிர்தம் முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்கட்டிலேதான் குடியிருப்பு. அவள் வாசல் தாண்டி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"ஏண்ணே, ஒங்களுக்கு ஒரு விசேஷமும் இல்லையா?"

"இருக்கு தம்பி. அதுக்குத்தான் பயந்து கெடக்கேன்." குரலைத் தணித்தார். "ஜூன்ல இவள மதுரையில டாக்டர்ட்ட காட்டுனோம். ரெண்டு மாசந்தான் தாங்குவான்னாக. அவளுக்குத் தெரியாது. ஆகஸ்ட நான் உள்ள விடல."

கலீல் சிடியைப் பையிலேயே வைத்துக்கொண்டான். உள்ளே, முப்பது நாள் முடிந்துவிட்டதென்று திரை சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது. கலீல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூலையில் இரண்டு தட்டுத் தட்டி, ஜூன் இரண்டு என்று மாற்றினான். ஓட்டில் சாரல் விழுந்தது.

மார்ச்சில் ஷார்ஜா போனான். ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. மகள் பள்ளிக்கூடம் போனதைப் போட்டோவில் பார்த்தான். அவனுடைய ஒன்பது கடைகளும் பெரிய கம்பெனி சாப்ட்வேருக்கு மாறின. செல்வமணியின் கடைக் காய்க்கு மட்டும் தனிப் பேர் இருந்தது. சீட்டில் ஜூன் 2003 என்று இருப்பதை ஏலத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. செல்வமணி வெளியே போய்வருகிறவர், அதனால் கிழவரானார். முப்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் தட்டினார்.

2010 ஆவணியில் லீவில் வந்த கலீல் ஒரு பகலில் பஜாருக்குப் போனான். வெயில் சுள்ளென்று அடித்தது. செல்வமணியின் கடை ஓரத்தில் மட்டும் நீர் சொட்டியது. அவன் தலையைக் குனிந்து உள்ளே போனான். காலண்டரில் ஜூன் மூன்று. சுகிர்தம் முறத்திலிருந்து நிமிர்ந்து அவன் தலைமுடியையே பார்த்தாள்.

"நேத்துத்தான தம்பி வந்து கம்ப்யூட்டர மாட்டிட்டுப் போனீக. அதுக்குள்ள இம்புட்டு நரையா? இன்னைக்கு என்ன தேதி?"