என் பெயரில் போனவன்

ஞாயிற்றுக்கிழமை காலை, ரிப்பேருக்கு வந்த ஒரு வாஷிங் மெஷினைக் கழற்றிக் கூடம் முழுக்கப் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெஷினின் சொந்தக்காரர்தான் அவசரப்பட்டு வந்துவிட்டார் என்று எரிச்சலோடு கதவைத் திறந்தேன். வெளியே ஒரு பெண்ணும், என் வயது மதிக்கத்தக்க ஓர் ஆளும் நின்றிருந்தார்கள். தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், கூட வந்தவருக்கு நம் மொழி தெரியாது என்றும் அந்தப் பெண் சொன்னாள். பிறகு அவருடைய பிறவிப் பெயரைச் சொன்னாள். அது என் பெயர். பிறந்த தேதியைச் சொன்னாள். அதுவும் என்னுடையது. அம்மா என்று அவள் சொன்ன பெயருக்கு உரியவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, காலங்காத்தால விளையாடுறீங்களா?" என்றேன்.

அவள் விளையாடவில்லை. அந்த ஆள் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் அனாதை இல்லத்திலிருந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போனவனாம். பெற்றவளைத் தேடி அலையாய் அலைந்து, கடைசியில் எங்கள் மாடிப்படி ஏறி வந்திருக்கிறான்.

அந்த இல்லத்தை எனக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தலைசாய்க்க இடமில்லாமல், நாலு மாதக் குழந்தையான என்னை அம்மா அங்கே விட்டிருந்தாள். ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலையும், தங்க ஓர் அறையும் கிடைத்த பிறகு போய்த் தூக்கிவந்துவிட்டாள். எங்கள் வீட்டில் இதெல்லாம் ரகசியமே இல்லை. நான் சேட்டை செய்தால், "திரும்பக் கொண்டுபோய் விட்டுருவேன்" என்பாள். "அவங்க எடுத்துக்க மாட்டாங்க" என்பேன் நான்.

அதனால் விஷயம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டதும், காத்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு என் பெயரில் வேறொரு குழந்தையை அனுப்பிவிட்டார்கள். பாவம், இவன் தப்பான வீட்டுக்கு வந்திருக்கிறான். உட்காரச் சொல்லி, அம்மாவைக் கூப்பிட்டு விவரத்தைச் சொல்லி, டீயும் போடச் சொன்னேன். "உங்க அம்மா வேற எங்கேயாவது இருப்பாங்க சார், மனசை விட்டுடாதீங்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் ஆறுதல் வேறு சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை அவனிடம் சொன்னாள். அவன் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டான். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க போய்க் குழந்தையைத் தூக்கிட்டு வந்தப்போ அதுக்கு என்ன வயசும்மா?"

"ஒன்றரை வயசு. தத்தித் தத்தி நடந்துச்சு."

"இவர் வெளிநாடு போய்ச் சேர்ந்த அப்புறம்தான் தவழவே ஆரம்பிச்சாராம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா போய்க் கேட்பதற்கு வெகுநாள் முன்பே, அவளுடைய குழந்தை என்று ஒன்று விமானம் ஏறிவிட்டது. அப்படியானால் அம்மா போய் நின்றபோது அவர்கள் தூக்கிவந்து கொடுத்தது யாரை?

"வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தானே விட்டேன்" என்றாள் அம்மா, யாரிடமோ சொல்வதுபோல.

"இதென்ன வாஷிங் மெஷினா, கைக்குக் கிடைச்ச பார்ட்டை மாட்டி அனுப்ப?" என்று கத்தினேன்.

"அங்க ஒரே தொட்டில்ல ரெண்டு மூணு குழந்தைங்களப் போட்டிருப்பாங்களாம் சார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "உங்க பேருல வேற குழந்தையை அனுப்பியிருக்கலாம். இல்ல, சரியான குழந்தையை அனுப்பிட்டு, அம்மாகிட்ட வேற குழந்தையைக் கொடுத்திருக்கலாம். எதுன்னு சொல்ல அங்க இப்ப ஆளே இல்ல. இல்லத்தையே மூடிட்டாங்க."

அவனை உற்றுப் பார்த்தேன். ஒரு கணம் அம்மாவின் நெற்றி தெரிந்தது. அடுத்த கணம் அது யாரோ ஒருவனின் நெற்றியாகிவிட்டது. நான் அம்மாவை உரித்து வைத்திருப்பதாகத் தெருவே சொல்லும். கூடவே இருந்தால் அப்படித்தான் தோன்றுமோ என்னவோ.

"என்னைக் கையில வாங்கினப்போ உனக்குச் சந்தேகமே வரலையாம்மா?"

"வந்துச்சு."

அவள் வெங்காய வாசனையுள்ள கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மாசத்துல விட்ட முகம் எப்படிடா அப்படியே இருக்கும்? என்னைப் பார்த்ததும் வீல்னு கத்துன. மறந்துட்டு கத்துறானா, இல்ல இவன் வேற பிள்ளையான்னு ஒரு நிமிஷம் திக்குன்னு ஆச்சு. அன்னைக்கே உனக்குக் காய்ச்சல் கொதிச்சுது. அப்புறம் சந்தேகப்பட எனக்கு எங்கடா நேரம்?"

அவன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். உள்ளே நீளமான பஞ்சுக் குச்சிகள். கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்து அனுப்பினால் ரத்த உறவா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். கேட்டது அம்மாவிடம். "வேணாம்" என்றது நான். எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை என்ற இடத்தைத் தவிர எனக்கென்று பெரிதாக எதுவும் கிடையாது.

அவன் குச்சிகளை மறுபடி உறையில் போட்டான். "உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா வேணாமாம் சார். உங்க குடும்பத்தைக் குழப்ப அவர் வரலையாம்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். அவன் கண் கலங்கியிருந்தது. கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அவன் எழுந்துகொண்டான்.

"உட்காரு தம்பி" என்றாள் அம்மா.

அவனுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் என் பிள்ளை. இன்னொருத்தன் எவளோ ஒருத்தி பெத்தவன். நான் போய்க் கதவைத் தட்டின மாதிரி அவளும் தட்டியிருப்பா இல்ல? அவகிட்ட என்ன சொல்லி அனுப்பினாங்களோ."

"அதெல்லாம் இருக்கட்டும். உன் மனசுக்கு யாருன்னு தோணுது?"

நீதான்டா என்று சொல்லிவிடுவாள் என்றுதான் கேட்டேன்.

"தெரியலடா" என்றாள். "நீதான்னு நினைச்சா, உன் பேரைச் சொல்லி இந்தப் புள்ளைய அனுப்பிட்டாங்களேன்னு இருக்கு. அவன்தான்னு நினைச்சா, நான் வர்றதுக்குள்ள என் புள்ளையத் தூக்கிக் கொடுத்துட்டாங்களேன்னு வயிறு எரியுது. எனக்கு ஒண்ணுமே புரியல."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். மொழிபெயர்ப்பாளர் கையுறை மாட்டிக்கொண்டு குச்சியைத் தேய்த்து எடுத்தாள். முடிந்ததும் அம்மா என் பக்கம் தலையசைத்தாள்.

"எனக்கு எதுக்கு? உன்னோடது போதுமே, தெரிஞ்சுடும்."

"எனக்குத் தெரிஞ்சாப் போதுமா? அவ தேடுறது உன்னையா இருந்தா?"

எங்கேயோ இருக்கும் அந்தப் பெண்ணை நான் அதுவரை ஓர் ஆளாகவே நினைக்கவில்லை. என்னை இழந்துவிட்டு ஒருத்தி இருக்கக்கூடும். வாயைத் திறந்தேன். அந்த ஆளும் கையுறை மாட்டிக்கொண்டு புதுக் குச்சி ஒன்றை எடுத்தான். என் தாடையைப் பிடித்துக்கொண்டான். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தேன்.

"மூடாதீங்க சார்" என்றாள் மொழிபெயர்ப்பாளர். "இன்னும் கொஞ்சம் திறங்க."