ஆய்விலிருந்து நீக்கப்பட்டவள்

1

இந்தக் கதை ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவாங்சோவில் ஒரு காலை உணவுக் கடையில், கஞ்சி ஆறும்வரை பொழுது போகாமல் படித்தேன். மண்ணீரல் பலவீனம் என்று சீன வைத்தியர்கள் சொல்லும் செரிமானக் குறையை எச்சிலில் அளப்பது பற்றிய ஆராய்ச்சி. நாக்கில் புளிப்பைத் தடவினால் நல்ல உடம்புக்காரர்களின் எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கூடும், நோயாளிகளுக்குக் குறையும். கடைசியில் ஒரு வரி: ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமானவர்களில் ஒருவர் பாதியில் நீக்கப்பட்டார். ஏன் என்று போடவில்லை. அன்றிலிருந்து அந்த ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த’ (வேண்டாம். இந்த ஊரில் மழை கொட்டாத நாள் எது?)

இரண்டாவது: அந்த ஆளுக்குக் குவாங் சுயின் என்று பெயர் வைத்தேன்; அந்த ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்ப்பவள். ஆள் போதவில்லை என்றால் கூடத்துக்காரர்களே ‘ஆரோக்கியமானவர்’ நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது அங்கே வழக்கம். கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெயர் வாங்கியவள், சிரித்தபடி உட்கார்ந்தாள். முதல் தடவை நொதி நன்றாகக் கூடியது. நான் அவளை எழுத ஆரம்பித்த பிறகு, குறைந்தது.

“நாக்க நீட்டு,” என்றான் கூட வேலை பார்க்கும் மாய் ஜிஹெங். “ஓரமெல்லாம் பல்லுத் தடமா இருக்கே, மண்ணீரல் நோயாளி நாக்கு மாதிரி. நேத்து என்ன சாப்ட்ட?”

“ஒண்ணுமில்ல. வறுத்த வாத்து வாங்கினேன். பாக்கவே பிடிக்கல.”

“வாத்து உனக்குப் பிடிக்கலயா? அப்ப இது வியாதிதான். சோதனையே வேணாம்.”

“வாய மூடிட்டு எச்சில் குழாய எடு.”

எடுத்தான். மறுபடியும் குறைந்திருந்தது. இப்போது அவன் கேலி செய்யவில்லை.

“எதையோ போட்டு மண்டைய உடைச்சுக்கற. ரொம்ப யோசிச்சா மொதல்ல அடிவாங்கறது மண்ணீரல்தான்னு நமக்கே தெரியாதா?”

“நான் யோசிக்கல மாய். யாரோ என்னைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. நான் கரண்டியத் தூக்கறதுக்கு முன்னாடியே, தூக்கப்போறேன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு.”

(இந்தக் கடைசிப் பேச்சை நான் எழுதவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.)

3

முதலில் மாயைச் சந்தேகித்தேன். குழாய்களை மாற்றிவிட்டான் என்று ஒரு பத்தி எழுதி அடித்தேன். வாய்தான் அவனுக்கு நீளம், கை சுத்தம். அவன் சொன்னதுதான் சரி. யாருடைய யோசனை என்பதில் மட்டும் அவனுக்குப் பிசகிவிட்டது. இரவும் பகலும் அவளையே நினைத்துக்கொண்டிருந்தது நான்.

4

முடிவு ஒன்று: ஜின்செங் வேரும் அதிமதுரமும் சேர்ந்த கஷாயத்தைக் குடித்துத் தேறுகிறாள். பொருத்தமாக வந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். யோசிக்க யோசிக்க அவள் கன்னம் ஒட்டிப்போனது.

முடிவு இரண்டு: எழுதுவதையே நிறுத்தினேன். வேறு வேலைகளைப் பார்த்தேன், ஊரெல்லாம் சுற்றினேன். வெகுநாள் கழித்துத் தாள்களைப் பிரித்தபோது சுயின் நன்றாக உருண்டு திரண்டிருந்தாள். மாயோடு உட்கார்ந்து வாத்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடுத்து எதை எடுப்பாள் என்று ஒரு கணம் யோசித்…

மெல்லுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தாள்.

“மாய், அவங்க திரும்ப வந்துட்டாங்க,” என்றாள்.

5

இதற்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. அவள் பிழைக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இந்த வரியோடு அவளை விட்டுவிடுகிறேன், நிஜமாகவே.

ஆனால் இப்போது அவள் பெயர் உங்களுக்கும் தெரியும். அவள் முன்னால் சுடுசோறும் அவித்த மீனும் இருக்கின்றன. பசியோடு சாப்பிடும் குச்சிகளைக் கையில் எடுத்திருக்கிறாள். சாப்பிட்டாளா என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள்.